தண்ணீரிலிருந்து கரிக்கு: கதிரியக்க மாசும் தாவரக் கரியும்

தாவரப் பொருளைக் காற்று போதாத சூட்டில் சிதைத்தால் கிடைக்கும் கரிக்கு உயிர்க்கரி என்று பெயர். தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி, கரும்புச் சக்கை, மூங்கில், பைன் ஊசியிலை என எதையும் உயிர்க்கரியாக்கலாம். காற்று தாராளமாகக் கிடைத்தால் உமி எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை மறுத்தால் அதிலுள்ள கார்பனில் பெரும்பங்கு எரியாமல் தங்கிக் கரியாகும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வேதியியல் கைப்பழக்கமாகவே தெரியும். விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசி, அடியில் சில துளைகளை மட்டும் விட்டு நெருப்பு வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை அடர்ந்து எழும். அது பெரும்பாலும் மரத்திலிருந்த ஈரம். அடுத்து மஞ்சளோடிய, கண்ணெரிக்கும் புகை வரும். மரம் சிதைந்து தாரும் அமிலங்களும் ஆவியாகும் கட்டம் அது. புகை மெலிந்து நீலம் பூத்ததும் துளைகளை மண்ணால் அடைத்துவிடுவார்கள். அடைக்கத் தாமதித்தால் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும்.

ஆய்வகத்தில் இதே வேலையை நைட்ரஜன் நிரப்பிய மின்னுலை செய்கிறது. மூட்டத்தில் புகையின் நிறத்தைப் பார்த்து ஊகிப்பதை இங்கே வெப்பமானி காட்டுகிறது. தாவரத்தின் செல்சுவரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் சிதையத் தொடங்கும். செல்லுலோஸ் 315 டிகிரியைத் தாண்டித்தான் அசையும். லிக்னின் ஒரே வெப்பநிலையில் சிதைவதில்லை; 900 டிகிரி வரை மெதுவாகக் கரைந்துகொண்டே போகும். ஆகவே உலையை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே சிரட்டையிலிருந்து குணம் வேறான இரண்டு கரிகள் கிடைக்கும்.

300 முதல் 400 டிகிரியில் நிறுத்திய கரியில் ஆக்சிஜன் நிறைய மிஞ்சியிருக்கும். கார்பாக்சில், ஹைட்ராக்சில், ஃபீனால் தொகுதிகளாக அது கரியின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். உலோக அயனிகளைப் பிடிக்கும் கைகள் இவைதான். 700 டிகிரிக்குப் போனால் இந்தத் தொகுதிகள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் கழன்றுபோகும். பதிலுக்குக் கரிக்குள் நுண்துளைகள் திறந்து, புறப்பரப்பு பெருகும். நீராவியோ அமிலமோ கொண்டு மேலும் பதப்படுத்திய கிளர்வுற்ற கரியில் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் பரப்பு இருப்பது சாதாரணம். நிலக்கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் இடம். இந்த எண் மனத்தை மயக்கக்கூடியது. உலோக அயனியைப் பிடிப்பதில் பரப்பைவிடக் கைகள் முக்கியம்; பிடிக்கும் தொகுதி இல்லாத 25 சென்ட்டும் வெறும் தரிசுதான்.

நீரில் இருப்பது என்ன

‘கதிரியக்க மாசு’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே பொருள் அல்ல. யுரேனியமும் ரேடியமும் ரேடானும் பாறையிலிருந்து இயற்கையாகவே நிலத்தடி நீரில் கலக்கின்றன. சீசியம்–137, ஸ்ட்ரான்சியம்–90, அயோடின்–131, டெக்னீசியம்–99 ஆகியவை அணு உலையின் பிளவில் பிறப்பவை. அவற்றின் வேதியியல் குணங்களில் ஒற்றுமை குறைவு. சீசியம் பொட்டாசியத்தைப் போல நடந்துகொள்ளும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போல. அயோடினும் டெக்னீசியமும் நீரில் எதிர்மின் அயனிகளாகத் திரிகின்றன. ரேடான் ஒரு வாயு.

ஒரு அணு கதிரியக்கம் உடையதா இல்லையா என்பது கரிக்குத் தெரியாது. அதன் பரப்பில் நடப்பதெல்லாம் எலெக்ட்ரான்களின் விவகாரம். கதிரியக்கம் அணுக்கருவின் விவகாரம். சாதாரண சீசியத்தையும் சீசியம்–137ஐயும் கரி ஒரே கண்ணால்தான் பார்க்கும். எனவே எந்தக் கரியாலும் கதிரியக்கத்தை அழிக்க முடியாது. நீரில் இருந்த அணு கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. இந்த அத்தியாயத்தில் வரும் வெற்றிகளையும் தோல்விகளையும் இந்த ஒரு உண்மையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அளவிலும் பெரிய வேறுபாடு உண்டு. யுரேனியம்–238இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். மிக மெதுவாகச் சிதைவதால் ஒரு கிராம் இயற்கை யுரேனியம், அதன் ஐசோடோப்புகள் அனைத்தையும் சேர்த்தும், வினாடிக்கு ஏறத்தாழ 25,000 சிதைவுகளையே தரும். அதாவது 25,000 பெக்கரல். சீசியம்–137இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள். அதன் ஒரு கிராமில் வினாடிக்கு 3 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சிதைவுகள் நடக்கும்.

இந்த வேறுபாடு கரியின் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், 2012 ஏப்ரலிலிருந்து ஜப்பான் குடிநீரில் கதிரியக்கச் சீசியத்துக்கு வைத்த எல்லை கிலோவுக்கு 10 பெக்கரல். 10 பெக்கரல் சீசியம்–137ஐ எடை போட்டால், ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் மூன்று பங்கு. அதே ஒரு லிட்டர் நீரில் பொட்டாசியம் மூன்று மில்லிகிராம் இருந்தால்கூட அது சீசியத்தைப் போல நூறு கோடி மடங்கு. வேதியியலில் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடைய இந்த இரண்டு அயனிகளில், நூறு கோடிக்கு ஒன்றாக நிற்பதைக் கரி தேடிப் பிடிக்க வேண்டும். யுரேனியத்தில் சிக்கல் வேறு வகை. அங்கே லிட்டருக்குப் பல மைக்ரோகிராம் கணக்கில் பொருள் உண்மையாகவே இருக்கிறது. அது எந்த உருவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிடிக்கும் வழிகள்

கரி நீரிலிருந்து ஒரு பொருளை எடுப்பதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறது வேதியியல். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு. இங்கே பொருள் உள்ளே ஊறுவதில்லை, துளைச்சுவர்களின் பரப்பில் ஒட்டுகிறது. ஒட்டும் வழிகள் பல. எதிர்மின் ஏறிய பரப்பு நேர்மின் அயனியை இழுப்பது ஒன்று. கரியில் இயல்பாகவே இருக்கும் பொட்டாசியமும் கால்சியமும் நீருக்குள் இறங்கி, அந்த இடத்தில் வேறு அயனி அமரும் அயனிப் பரிமாற்றம் இன்னொன்று. கார்பாக்சில் தொகுதி உலோகத்தை இரண்டு ஆக்சிஜன்களால் கவ்விப் பிடிக்கும் அணைவு மூன்றாவது. மூன்றில் வலுவானது இதுவே. கரியிலுள்ள பாஸ்பேட் யுரேனியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக வீழ்படிவதும் உண்டு. இரும்பு ஏற்றிய கரியில் உலோகம் எலெக்ட்ரானைப் பெற்று, கரையும் நிலையிலிருந்து கரையாத நிலைக்கு ஒடுக்கப்படுவதும் உண்டு.

இவற்றில் எது நடக்கும் என்பதை நீரின் பிஹெச் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. நீர் மிகவும் புளிப்பாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளே கரியின் கைகளை நிரப்பிவிடும். பிஹெச் ஏற ஏற அந்தக் கைகள் காலியாகி, பரப்பு எதிர்மின்னாகும். நேர்மின் உலோகங்களுக்கு அது வசதி.

யுரேனியம்: பஞ்சாப் கிணறுகளும் கார்பனேட்டும்

பஞ்சாபின் தென்பகுதியான மால்வாவில், பதிண்டா, மான்சா, ஃபரீத்கோட், ஃபாசில்கா மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் யுரேனியம் எல்லை மீறிக் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 மைக்ரோகிராமை எல்லையாக வைத்திருந்தது. ராஜஸ்தான், குஜராத் கிணறுகளை ஆராய்ந்து டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய இந்தியக் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ராஜஸ்தானில் பரிசோதித்த கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 30ஐத் தாண்டியிருப்பதைக் காட்டியது. அணு உலைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாறையிலும் வண்டலிலும் உறங்கிக் கிடந்த யுரேனியத்தை, பைகார்பனேட் மிகுந்த நீரும் உரத்தின் நைட்ரேட்டும் எழுப்பிவிடுகின்றன. நிலத்தடி நீரை அளவின்றி இறைப்பது இதை மோசமாக்குகிறது. குடிநீர் யுரேனியத்தில் முதலில் அஞ்ச வேண்டியது கதிர்வீச்சை அல்ல. சிறுநீரகத்துக்கு அது ஒரு கனஉலோக நஞ்சு என்பதைத்தான்.

ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் தனி அணுவாக இருப்பதில்லை. இருபுறமும் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுமந்து, குச்சிபோல் நேராக நீண்ட யுரேனைல் அயனியாக இருக்கும். இரண்டு நேர்மின் கொண்ட இந்த அயனிக்குக் கார்பாக்சில் மிகவும் பிடித்த துணை. பிஹெச் 4 முதல் 6 வரையுள்ள ஆய்வக நீரில் சாதாரண உயிர்க்கரியே யுரேனியத்தை நன்றாகப் பிடிக்கும். கரியை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சிக் கார்பாக்சில்களைப் பெருக்கினால் பிடிப்பு பல மடங்கு கூடும். சைப்ரஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு எடுத்துக்கொண்ட தாவரங்கள் தமிழ் வாசகருக்கு அந்நியமானவை அல்ல: சப்பாத்திக்கள்ளி ஒன்று, உடம்பு தேய்க்கும் நாராகப் பயன்படும் நுரைப்பீர்க்கு மற்றொன்று. நுரைப்பீர்க்கங்கூட்டைக் கரியாக்கினாலும் அதன் நார்ப்பின்னல் குலைவதில்லை. தூளாகாத, நீர் எளிதாக ஊடுருவும் கரிச்சல்லடை அப்படியே கிடைத்துவிடுகிறது. இழைகளை அமிலத்தால் பதப்படுத்தினால் யுரேனைலைக் கவ்வும் தொகுதிகள் அவற்றின் மேல் வரிசையாக முளைக்கின்றன. விலையுயர்ந்த ஒரு வடிவமைப்பைக் கொடியே செய்து கொடுத்துவிடுகிறது. இந்தத் துறையின் அழகான யோசனைகளில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஆனால் மால்வாவின் கிணற்று நீர் பிஹெச் 5 அல்ல. காரத்தன்மை உடையது, பைகார்பனேட்டும் கால்சியமும் நிறைந்தது. அங்கே ஒரு யுரேனைல் அயனியைச் சுற்றி மூன்று கார்பனேட்டுகள் சேர்ந்துகொள்கின்றன. மொத்த மின்னூட்டம் எதிர்மின் நான்காகிவிடுகிறது. கரியின் பரப்பும் எதிர்மின், வருவதும் எதிர்மின், ஒன்றையொன்று தள்ளுகின்றன. கால்சியம் மிகுந்திருந்தால் இரண்டு கால்சியம் அயனிகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, மின்னூட்டமே இல்லாத ஓர் அணைவு உருவாகும். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் பிடி கொடுக்காத அந்த அணைவு கரியைத் தாண்டி நழுவிப்போகும். காய்ச்சி வடித்த நீரில் சாதனை படைத்த கரிகள் கிணற்று நீரில் சோர்ந்துபோவது இதனால்தான். ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கிராம் கரிக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் யுரேனியம் என்று வரும் எண்களைப் படிக்கும்போது, எந்த நீரில், எந்த பிஹெச்சில் என்று முதலில் பார்க்க வேண்டும். பிஹெச் 5இல், கார்பனேட் இல்லாமல், கிணற்றில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு யுரேனியத்தைக் கரைத்து அளந்த எண்ணுக்கும் பதிண்டாவின் அடிகுழாய்க்கும் தொடர்பு மிகக் குறைவு.

கிராமத்து நீரைப் புளிப்பாக்கிப் பிறகு காரமாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே கரியை மாற்றுவதுதான் வழி. இரும்பு ஆக்சைடு, அலுமினியம், மெக்னீசியம் போன்றவற்றை ஏற்றினால் கரியின் பரப்பு நேர்மின் பெற்று, கார்பனேட் அணைவுகளை இழுக்கத் தொடங்கும். அமீன் தொகுதிகளை ஒட்டவைப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். பாஸ்பேட் ஏற்றிய கரி யுரேனியத்தைக் கார்பனேட்டிடமிருந்து பறித்து உப்பாக்கிவிடப் பார்க்கிறது. மிக நுண்ணிய இரும்புத் துகள்களைச் சுமந்த கரி, ஆக்சிஜனேற்ற நிலை ஆறிலுள்ள யுரேனியத்தை நான்குக்கு இறக்குகிறது. நான்கில் யுரேனியம் ஏறக்குறையக் கரையாது. கரியின் பங்கு இங்கே மெல்ல மாறுகிறது. பிடிப்பவன் என்ற நிலையிலிருந்து, பிடிப்பவனைத் தூக்கி நிற்கும் மேடையாகிறது அது.

போட்டியாளர்களையும் சொல்லியாக வேண்டும். எதிர்மின் அயனிகளைப் பரிமாறும் பிசின்கள் யுரேனியக் கார்பனேட்டை மிக வலுவாகப் பிடிக்கும். அது நிலைபெற்ற தொழில்நுட்பம். பஞ்சாபில் அரசு நிறுவியவை ஆர்.ஓ. நிலையங்கள். ஆர்.ஓ. நல்ல நீரைத் தரும்போதே செறிவேறிய கழிவு நீரையும் தரும். அதை வாய்க்காலில் விட்டால் யுரேனியம் திரும்ப மண்ணுக்கே போகும். கரியின் நியாயமான சாதகம் இங்கே இருக்கிறது: அது நீரை வீணாக்குவதில்லை, மின்சாரம் கேட்பதில்லை, பிடித்ததைத் திடப்பொருளில் அடக்கிவைக்கிறது. வயலில் எரிக்கப்படும் வைக்கோல் அதே பஞ்சாபில் மலைபோல் கிடப்பதையும் மறப்பதற்கில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் யுரேனியம் உள்ள கிணறு. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர். நாளுக்கு 2 மில்லிகிராம் யுரேனியம், ஆண்டுக்கு 730 மில்லிகிராம். கிணற்று நீரில் கிராமுக்கு 5 மில்லிகிராம் மட்டுமே பிடிக்கும் சுமாரான கரி என்று வைத்தாலும், ஆண்டு முழுவதற்கும் 146 கிராம் போதும். இரண்டு கைப்பிடிக் கரி. இந்தக் கணக்கே ஆய்வாளர்களை இத்துறையில் பிடித்துவைத்திருக்கிறது.

சீசியமும் ஸ்ட்ரான்சியமும்

சீசியத்தில் சாதாரண உயிர்க்கரி தோற்றுவிடுகிறது. ஒற்றை நேர்மின் கொண்ட பெரிய அயனியான சீசியத்தைக் கார்பாக்சில் தளர்வாகத்தான் பிடிக்கும். பொட்டாசியமும் சோடியமும் வந்து தள்ளினால் விட்டுவிடும். தாவரக் கரியின் சாம்பலிலேயே பொட்டாசியம் உண்டு என்பதால் கரி தானே போட்டியாளரையும் நீரில் விடுகிறது. இந்த வேலைக்குக் கல்லே போதும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1985 முதல் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட்தான் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் வடிக்கிறது. அமெரிக்காவில் த்ரீ மைல் தீவு விபத்து நீரையும், 2011இல் ஃபுகுஷிமாவில் தேங்கிய நீரையும் சுத்திகரிக்க ஜியோலைட்டுகளே முன்னால் நின்றன.

ஆனால் சீசியத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு பொருள் உண்டு: பிரஷ்யன் நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த ஓவிய வண்ணம் அது. இரும்பும் சயனைடும் பின்னிய கனசதுரக் கூண்டுகளால் ஆன படிகம். நீர் உறையைக் கழற்றிய சீசியம் அயனி அந்தக் கூண்டில் கச்சிதமாக அமரும். சோடியம் தன் நீர் உறையை எளிதில் கழற்றாததால் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர்சிகிச்சை நிலையத்திலிருந்து எடுத்துப்போன கருவியைப் பழைய இரும்பு வியாபாரத்துக்காக உடைத்தார்கள். உள்ளிருந்த சீசியம்–137 பொடி இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது; அதை வியந்து பலர் கையில் எடுத்தார்கள், வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். நான்கு பேர் இறந்தார்கள். உடலுக்குள் சீசியம் புகுந்த 46 பேருக்குப் பிரஷ்யன் நீலத்தையே மருந்தாக விழுங்கக் கொடுத்தார்கள்; குடலில் சீசியத்தைக் கவ்வி மலத்தோடு வெளியேற்றியது அது.

பிரஷ்யன் நீலத்தின் குறை, அது மிக நுண்ணிய தூள் என்பது. நீரில் போட்டால் வடிகட்டியைத் தாண்டி ஓடிவிடும். சீசியத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் நிலைமை இன்னும் மோசம். அதைத் தாங்கிப் பிடிக்கக் கரி வருகிறது. இரும்பு உப்பில் ஊறவைத்த கரித்துண்டைப் பிறகு ஃபெரோசயனைடு கரைசலில் போட்டால், துளைகளுக்குள்ளேயே நீலப் படிகங்கள் வளர்ந்துவிடும். கறுப்புத் துண்டின் விளிம்பில் நீலம் மினுங்கும். மூங்கில் கரி, வால்நட் ஓட்டுக்கரி எனப் பலவற்றில் இந்த முறையைச் சோதித்திருக்கிறார்கள். நூறு கோடிக்கு ஒன்றைத் தேடும் வேலையைக் கூண்டு செய்கிறது. கூண்டு ஓடிவிடாமல் கரி பார்த்துக்கொள்கிறது.

ஸ்ட்ரான்சியம்–90க்கு இப்படி ஒரு பொருத்தமான கூண்டு எளிதாகக் கிடைப்பதில்லை. கடின நீரில் கால்சியம் எப்போதும் அதை முந்திக்கொள்ளும். மாங்கனீசு டை ஆக்சைடு ஏற்றிய கரி ஓரளவு உதவும். பெர்மாங்கனேட்டில் ஊறவைத்தால் கரியின் மேல் அந்த ஆக்சைடு தானாகப் படிந்துவிடும். அதே பூச்சு ரேடியத்துக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. கடல்நீரில் மிகக் குறைவாக உள்ள ரேடியத்தைச் சேகரிக்கக் கடலாய்வாளர்கள் மாங்கனீசு பூசிய இழைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அயோடின், ரேடான், டிரிட்டியம்

கரியின் பழைய வெற்றி அயோடினில்தான். அணு மின்நிலையங்களின் காற்றுப் போக்கிகளில், கசியும் அயோடின்–131ஐப் பிடிக்கப் பொட்டாசியம் அயோடைடோ அமீன் சேர்மமோ ஏற்றிய கிளர்வுற்ற கரி வைக்கப்படுகிறது. அதற்குப் பெரிதும் விரும்பப்படுவது தேங்காய்ச் சிரட்டைக் கரி. கெட்டியானது, தூளாகாதது, நுண்துளைகள் மிகுந்தது.

நீரில் கதை கொஞ்சம் வேறு. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், 2011 மார்ச் 22இல் தோக்கியோவின் கனாமச்சி நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த நீரில் அயோடின்–131 கிலோவுக்கு 210 பெக்கரல் இருந்தது. கைக்குழந்தைகளுக்கான எல்லை 100. மறுநாள் மாநகரம் பச்சிளங்குழந்தைகளுக்குக் குழாய்நீரைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. கடைகளில் புட்டித் தண்ணீர் தீர்ந்துபோனது. சுத்திகரிப்பு நிலையங்கள் நீரில் கரித்தூளைக் கலந்தன. அயோடின் அயோடைடு என்ற எதிர்மின் அயனியாக இருந்தால் கரித்தூள் அதை ஏறக்குறையத் தொடாது. முன்கூட்டியே சிறிதளவு குளோரின் சேர்த்தால் அயோடைடு ஹைப்போஅயோடஸ் அமிலமாக மாறும். அதைக் கரி பிடிக்கும். தனிமம் ஒன்றே, உருவம் மாறியதும் விளைவு மாறுகிறது. யுரேனியத்தில் கண்ட பாடமே இங்கும். அயோடின்–131இன் அரை ஆயுட்காலம் 8 நாள் மட்டுமே என்பதால் அது தானாகவும் விரைவில் தணிந்துவிடும்.

டெக்னீசியம்–99 எதிர்மின் பெர்டெக்னெட்டேட்டாகத் திரிவதால் சாதாரணக் கரிக்கு அகப்படாது. இரும்பு ஏற்றிய கரியில் ஒடுங்கிப் படியும். டிரிட்டியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: எந்தக் கரியாலும் முடியாது. டிரிட்டியம் நீரில் கரைந்த பொருளல்ல. நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனே அது. ஃபுகுஷிமாவில் 62 வகைக் கதிரியக்கத் தனிமங்களைக் குறைக்கும் ஆல்ப்ஸ் அமைப்பும் அதைத் தொடவில்லை. 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடப்படும் நீரைப் பற்றிய சர்ச்சை இதைச் சுற்றித்தான் எழுந்தது.

குடுவையிலிருந்து குழாய்க்கு

பெரும்பாலான ஆய்வுகள் குடுவையில் நடக்கின்றன. கரித்தூளைக் கரைசலில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, எவ்வளவு மிஞ்சியது என்று அளக்கிறார்கள். ஊரில் வேலை செய்யப்போவது நீர் ஓடும் தூண். ஒரு கண்ணாடிக் குழாயில் கழுவிய கரிக்குருணையை நிரப்பி மேலிருந்து நீரை விட்டால், முதலில் கீழே வருவது தெளிந்த, யுரேனியமற்ற நீர். மேல்தட்டிலுள்ள கரி நிறைந்ததும் பிடிக்கும் பகுதி மெல்லக் கீழே இறங்கும். ஒரு நாள் அது அடியைத் தொட்டதும், வெளியேறும் நீரில் மாசு தலைகாட்டும். நிறத்திலோ சுவையிலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். கரி மாற்ற வேண்டிய நாளை உரிமையாளரின் நாக்கால் கண்டறிய முடியாது என்பதே வீட்டு வடிகட்டிகளின் மிகப் பெரிய பலவீனம்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. சரியாகக் கழுவாத கரி, தன் சாம்பலை நீரில் இறக்கிப் பிஹெச்சை ஏற்றிவிடும். மோசமாகச் சுட்ட கரியில் தாரின் எச்சமான பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. நுண்துகள்கள் அடைத்துக்கொண்டால் நீர் சொட்டத் தொடங்கும். ஒரு தவணை உமியும் அடுத்த தவணை உமியும் ஒரே குணத்தில் கரியாவதில்லை. விவசாயக் கழிவின் மலிவுக்கு இதுதான் விலை.

பிடித்த பிறகு

மாசைப் பிடித்த கரியே இப்போது கதிரியக்கப் பொருள். இதைத் தெளிவாகக் காட்டுவது ரேடான். அமெரிக்காவில் தனிக்கிணறு வைத்திருக்கும் வீடுகளில் நீரிலுள்ள ரேடானை நீக்கக் கிளர்வுற்ற கரித் தொட்டிகளைப் பொருத்துவதுண்டு. ரேடான்–222 கரியில் நன்றாக ஒட்டும், 3.8 நாள் அரை ஆயுட்காலத்தில் அங்கேயே சிதையும். சிதைவின் வழித்தோன்றல்கள் காமாக் கதிரை வீசுவதால் தொட்டியை மக்கள் அதிகம் புழங்கும் அறைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. வரிசையின் கீழே, 22 ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட காரீயம்–210 கரியில் சேர்ந்துகொண்டே போகிறது. நீர் தூய்மையாக இருக்கும். தொட்டியின் கதிரியக்கம் ஆண்டுக்காண்டு ஏறும்.

முன்பு போட்ட யுரேனியக் கணக்குக்குத் திரும்பினால், ஆண்டு முடிவில் அந்த 146 கிராம் கரியில் 730 மில்லிகிராம் யுரேனியம் இருக்கும். ஏறத்தாழ 18,000 பெக்கரல். கரியின் ஒவ்வொரு கிராமுக்கும் 120 பெக்கரலுக்கு மேல். யுரேனிய வரிசையைச் சேர்ந்த இயற்கைத் தனிமங்களுக்குக் கிராமுக்கு 1 பெக்கரல் என்பதைக் கட்டுப்பாடு தொடங்கும் எல்லையாகச் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கிறது. அதைப் பல பத்து மடங்கு தாண்டிய பொருள் சமையலறைக் குப்பையோடு போகக்கூடாது. அடுப்பில் போட்டால் நிலைமை இன்னும் மோசம், யுரேனியம் முழுவதும் ஒரு பிடிச் சாம்பலில் செறிந்துவிடும். தோட்டத்துக்கு உயிர்க்கரி நல்லது என்ற பொதுவான பேச்சு இந்தக் கரிக்குப் பொருந்தாது.

எனவே வீட்டுக்கு ஒரு வடிகட்டியைவிட ஊருக்கு ஒரு தூண் பொருத்தமானது. பயிற்சி பெற்ற ஒருவர் நீரை அளப்பார், நிறைந்த கரியைத் திரும்ப எடுப்பார். யுரேனியம் பிடித்த கரியை நீர்த்த அமிலத்தாலோ கார்பனேட் கரைசலாலோ கழுவினால் யுரேனியம் மீண்டும் கரைந்து வெளியேறும். கிணற்றில் எதிரியாக இருந்த அதே கார்பனேட் இங்கே உதவிக்கு வருகிறது. கழுவிய கரியைச் சில முறை திரும்பப் பயன்படுத்தலாம்; கழுவிய நீரில் செறிந்திருக்கும் யுரேனியத்தை வீழ்படிவாக்கி, அதற்குரிய அமைப்பிடம் ஒப்படைக்கலாம்.

சீசியம் பிடித்த கரிக்கு வேறு நடைமுறை வேண்டும். அதை எரித்துப் பருமனைக் குறைக்கலாம் என்பது முதல் பார்வைக்குக் கவர்ச்சியான யோசனை. ஆனால் உயர் வெப்பத்தில் சீசியச் சேர்மங்கள் ஆவியாகிப் புகைபோக்கியில் ஏறும். பிரஷ்யன் நீலம் சிதைந்து சயனைடு வாயுவும் வெளிவரலாம். புகையை முழுவதுமாக வடிக்கும் உலை இல்லாத இடத்தில் எரிக்கவே கூடாது. சிமெண்டோடு குழைத்துக் கட்டியாக்கி, எஃகுப் பீப்பாயில் அடைத்து, தண்ணீர் எட்டாத தரைக்கீழ் அறையில் வைப்பதே பழகிய வழி. பத்து அரை ஆயுட்காலத்தில், அதாவது 300 ஆண்டுகளில், அதன் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதுவரை பீப்பாய் கசியாமல் இருக்க வேண்டும்.